என் பெயரை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை

கேள்வி:

வயது 34. திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர், கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதிலிருந்தே எனக்குத் திக்கும். பலருக்கு இது தெரியாது. எந்த வார்த்தை திக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் வேறு வார்த்தை போட்டுச் சமாளித்துவிடுவேன். என் பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை, அது 'க'வில் தொடங்கும். போனில் பெயர் கேட்டால் லைனைக் கட் செய்துவிட்டு மெசேஜ் அனுப்புவேன். மகனுக்கு நாலு வயதாகப்போகிறது. அவனுக்குக் குலசாமி பெயர் வைக்க அம்மா ஆசைப்பட்டார். அதுவும் 'க'. பிடிவாதமாக மறுத்து உயிரெழுத்தில் தொடங்குகிற பெயராக வைத்தேன். ஏன் என்று மனைவிக்குக்கூடத் தெரியாது. போன மாதம் அவனைக் காய்ச்சல் என்று ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். டோக்கன் போடுகிற பெண் பெயர் கேட்டபோது அந்தப் பெயரும் வரவில்லை. "சொந்தப் பிள்ளை பேரே மறந்துபோச்சா சார்?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இப்போது ஐந்து மாதமாக மகனும் திக்குகிறான். அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் "அ-அ-அப்பா" என்றபோது "நிறுத்து, ஒழுங்காச் சொல்லு" என்று கத்திவிட்டேன். என் அப்பா என்னைச் சொன்ன அதே வார்த்தை. அப்பா அதிகம் பேசாதவர், இறந்து மூன்று வருடமாகிறது. அவருக்கும் சின்ன வயதில் திக்கும் என்று அத்தை இப்போதுதான் சொல்கிறார். ஆபீஸில் டீம் லீடர் பதவி தருவதாகச் சொல்கிறார்கள், வாரா வாரம் வீடியோ மீட்டிங்கில் பேச வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். இதைக் குணப்படுத்த முடியுமா? மகனுக்கு நான்தான் கொடுத்தேனா? என்னை மாற்றிக்கொள்ள இன்னும் எவ்வளவுதான் முயற்சி செய்வது? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, கடிதத்தின் கடைசி இரண்டு சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கேள்வி அனுப்புகிற எல்லாரும் போடுகிற வரிதான், உங்கள் கடிதத்தில் மட்டும் அது உறுத்துகிறது.

முதலில் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். 34 வயதில் இருக்கிற திக்கலை அடியோடு எடுத்துவிடலாம் என்று நேர்மையான எந்த ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சொல்ல மாட்டார், ஸ்பீச் தெரபிஸ்ட்டான நானும் சொல்ல மாட்டேன். 'பதினைந்தே நாளில் கேரண்டி' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போனால் அந்தப் பதினைந்து நாளும் நன்றாகத்தான் பேசுவீர்கள், பதினாறாவது நாள் ஊருக்கு பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் மாட்டிக்கொள்வீர்கள். இதற்கென்று மாத்திரை கிடையாது. நாக்குக்கு அடியில் இருக்கும் சதையை வெட்டிவிட்டால் சரியாகும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. 1841-ல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் நாக்கின் அடிப்பகுதியில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டையே வெட்டியெடுத்துப் பார்த்தார், அதுவும் மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலத்தில். நினைத்தாலே வாய் கூசுகிறது. திக்கல் நாக்கில் இருந்தால்தானே நாக்கை வெட்டிப் பயன்? நீங்கள் தனியாக இருக்கும்போதோ, கன்றுக்குட்டியிடம் பேசும்போதோ, பள்ளிக்கூட வழிபாட்டில் எல்லாரோடும் சேர்ந்து பாடும்போதோ திக்கியிருக்காது. எல்லாம் அதே நாக்குதான்.

அம்மாவோ அத்தையோ இந்நேரம் வசம்பைச் சுட்டு உரசிப் பேரன் நாக்கில் தடவச் சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள், அதனால் பேச்சு வராது. ஒரு வேடிக்கை, வசம்புக்கு நம் வீடுகளில் 'பேர் சொல்லா மருந்து' என்று பெயர். பெயரைச் சொல்லக் கூடாதாம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அதுதான் மனதில் ஓடுகிறது.

மகனுக்கு நான்தான் கொடுத்தேனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு ஆமாம், ஆனால் மூக்கையும் சுருட்டை முடியையும் கொடுத்த மாதிரித்தான். திக்கல் குடும்பத்தில் ஓடும் என்பது நீண்ட நாளாகவே தெரியும். 2010-ல் அமெரிக்காவில் டென்னிஸ் டிரேனா என்பவரின் குழு, பாகிஸ்தானில் சொந்தத்துக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டு வந்த குடும்பங்களை ஆராய்ந்து, இதோடு தொடர்புள்ள சில மரபணுக்களைக் கண்டுபிடித்தது. செல்லுக்குள் நொதிகளைச் சரியான இடத்துக்கு அனுப்பிவைக்கிற வேலையில் இருக்கும் மரபணுக்கள் அவை. அதைத் திக்குகிறவர்கள் எல்லாருக்குமான விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு சின்னப் பங்குக்குத்தான் பொருந்தும். ஆனாலும் அப்பா அதட்டியதாலோ நீங்கள் பயந்தாங்கொள்ளி என்பதாலோ வந்ததல்ல இது என்று புரிந்துகொள்ள அவ்வளவு போதும். மூளையில் பேச்சுக்கான தசைகளுக்கு நேரம் குறித்துத் தருகிற ஏற்பாட்டில் ஒரு சிறு பிசகு. பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. உங்கள் ஆபீஸில் 300 பேர் என்றால் இன்னும் இரண்டு பேராவது உங்களைப் போலவே வார்த்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் மூன்றாவது கேள்வியைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னும் எவ்வளவு முயற்சி செய்வது என்கிறீர்கள். தம்பி, நீங்கள் செய்கிற முயற்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று வார்த்தை தள்ளி என்ன வருகிறது என்று ஒரு கண் வைத்திருக்கிறீர்கள், ஆபத்தான எழுத்து தெரிந்தால் அதே அர்த்தத்தில் வேறொன்றைத் தேடுகிறீர்கள், கிடைக்காவிட்டால் இருமுகிறீர்கள், இல்லை 'அது வந்து' போடுகிறீர்கள், இதெல்லாம் நடக்கும்போதே எதிரில் இருப்பவர் முகத்தையும் பார்த்துக்கொள்கிறீர்கள். டீ வேண்டும் என்று கடைக்குப் போய் 'டீ' வராதென்று தோன்றி, பிடிக்காத பாலைக் குடித்துவிட்டு வருகிற ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். பதினோரு வருடமாகக் குடித்திருக்கிறார். விடாமுயற்சி என்றால் என்னவென்று அவருக்கு யார் வகுப்பு எடுப்பது?

நானும் ஒன்று சொல்கிறேன். எனக்குத் திக்காது. சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார்: ஒரு நாள் முழுக்க வெளியில் போய்த் திக்கிப் பேசிவிட்டு வாருங்கள், நடிப்பென்று யாருக்கும் தெரியக் கூடாது. இந்தத் துறையில் பல இடங்களில் மாணவர்களுக்குக் கொடுக்கிற பயிற்சிதான். பெரிய விஷயமா என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் போக வேண்டியது திருவான்மியூர். கண்டக்டரிடம் பத்து ரூபாயை நீட்டி "தி... தி... தி..." என்றேன். அவர் டிக்கெட் கட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் காது மடல் சுட்டது. நடிப்புதான், எந்த நொடியும் நிறுத்தலாம், ஆனால் நிறுத்த வராமல் "தி..." என்றே நிற்கிறேன். கண்டக்டர் நல்ல மனிதர், உதவி செய்வதாக நினைத்து "தி.நகராம்மா?" என்றார். தலையாட்டிவிட்டேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு தி.நகரிலேயே இறங்கினேன், அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருபது நொடிகூட ஆகியிருக்காது, அதற்குள் போக வேண்டிய ஊரையே விட்டுக்கொடுத்துவிட்டேன். நீங்கள் முப்பது வருடமாக இப்படித்தானே இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள்? மகனுக்கு வேறு பெயர் வைத்தது, இப்போது பதவி வேண்டாம் என்பது, எல்லாம் அந்தத் தி.நகர் டிக்கெட்தான்.

அமெரிக்காவில் ஜோசப் ஷீஹன் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார், அவருக்கும் திக்கும். திக்கலைக் கடலில் மிதக்கிற பனிப்பாறையாகச் சொன்னவர் அவர்தான். வெளியே கேட்கிற தடங்கல் மேலே தெரிகிற நுனி, தண்ணீருக்குள்ளே இருக்கிற பெரும்பகுதி வெட்கம், பயம், மறைக்கிற வேலை. உங்களுக்கு நுனி ரொம்பச் சின்னது, வெளியே பலருக்குத் தெரியவே இல்லை என்கிறீர்கள். அடியில் இருப்பதோ ஒரு குழந்தையின் பெயரையே தீர்மானிக்கிற அளவுக்குப் பெரிது.

இந்தத் துறையின் ஆரம்ப காலத்தைப் பார்த்தால், திக்குகிறவர்களே தங்களை ஆராய்ச்சிப் பொருளாக வைத்துக்கொண்டு உருவாக்கியது என்று சொல்லலாம். 1920-30களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கூட்டம். வலது கைக்காரர்களை இடது கைக்கு மாற்றினால் மூளையின் குழப்பம் தீர்ந்து திக்கல் போய்விடும் என்று அப்போது ஒரு கொள்கை இருந்தது, வெண்டல் ஜான்சன் என்பவர் அதற்காகத் தன் வலது கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு இடது கையால் எல்லாம் செய்து பார்த்தார். பலனில்லை. (நம் ஊரில் சொன்னால் நேர் எதிராக இடது கையைக் கட்டச் சொல்லியிருப்பார்கள்.) அதே கூட்டத்திலிருந்து வந்தவர் சார்லஸ் வான் ரைப்பர். இளைஞராக இருந்தபோது அவருக்குக் கடுமையான திக்கல், பேச முடியாத அவமானத்தில் ஒரு பண்ணையில் காது கேளாத ஊமை மாதிரி நடித்து வேலை பார்த்திருக்கிறார். பிறகு ஒருநாள் ஊருக்குப் போகிற வழியில் ஒரு வயதானவர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். வான் ரைப்பர் திக்கித் திணறுவதைப் பார்த்து அந்தக் கிழவர் சிரித்தார். இவருக்குக் கோபம். அப்புறம்தான் தெரிந்தது, கிழவருக்கும் திக்கும். இளமையில் நானும் உன்னைப் போலத்தான் முட்டி மோதினேன், இப்போது மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை, அதனால் வார்த்தையைத் தானாகக் கசியவிட்டுவிடுகிறேன் என்றாராம். அந்தக் கார்ப் பயணத்தைத்தான் தன் வாழ்க்கையின் திருப்பமாக வான் ரைப்பர் பின்னாளில் சொல்லிவந்தார். திக்காமல் பேசுவது எப்படி என்று தேடுவதை விட்டுவிட்டு, முட்டாமல் மோதாமல் திக்குவது எப்படி என்று தேட ஆரம்பித்தார். இன்று நான் என் மேசையில் சொல்லித்தருகிறதில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

இது வேதாந்தமாகத் தெரியலாம். உடம்பு விஷயமாகவே பாருங்கள். தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து 'கடல்' என்று சொல்லுங்கள். 'க' எங்கே பிறக்கிறது? நாக்கின் அடியும் அண்ணத்தின் அடியும் சேருகிற இடத்தில். தொல்காப்பியம் பிறப்பியலில் இதைச் சொல்லிவைத்திருக்கிறது. நாக்கின் பின்பக்கம் அண்ணத்தை லேசாகத் தொட்டு விலக வேண்டும், அவ்வளவுதான் 'க'. இப்போது உங்கள் பெயரைச் சொல்லப் போகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். நாக்கு அண்ணத்தில் போய் அப்பிக்கொள்ளும், குரல்வளை இறுகும், வயிறு கல்லாகும். பின்னாலிருந்து மூச்சைத் தள்ளத் தள்ளப் பூட்டு இன்னும் இறுகும். மழைக்காலத்தில் ஊறிப்போன கதவை உள்பக்கம் இழுத்துத் திறக்க வேண்டிய நேரத்தில் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கிற மாதிரி. அதனால்தான் இன்னும் முயற்சி செய் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் பூட்டே அந்த முயற்சிதான்.

சரி, என்ன செய்வது? முதல் இரண்டு வாரம் எதையும் திருத்த வேண்டாம், பார்த்தால் போதும். போனில் வீடியோவை ஓடவிட்டு அறிமுகமில்லாத ஒரு கடைக்கோ, கேஸ் ஏஜென்சிக்கோ இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். திக்கும், திக்கட்டும். அப்புறம் அதைப் போட்டுப் பாருங்கள். இது கஷ்டம், முதல் தடவை பலர் பாதியில் அணைத்துவிடுவார்கள். அடுத்த நாள் மறுபடி பாருங்கள். கண் எப்போது மூடுகிறது, தாடை எந்தப் பக்கம் கோணுகிறது, மூச்சு நிற்பது வார்த்தைக்கு முன்னாலா நடுவிலா, கை எங்கே போகிறது. மெக்கானிக் ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஒன்றும் செய்யாமல் காதைச் சாய்த்துக் கேட்பார்கள் பாருங்கள், அந்த மாதிரி. எத்தனை நொடி என்றும் குறித்துவையுங்கள். என்னிடம் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் "அரை நிமிஷம் நின்னுபோச்சு மேடம்" என்று சத்தியம் செய்தார். ஓட்டிப் பார்த்தோம், நாலு நொடி. அவர் நம்பாமல் தன் போனிலும் அளந்து பார்த்தார். பெரும்பாலான திக்கல் ஒன்றிரண்டு நொடிக்கு மேல் போவதில்லை, அனுபவிக்கிறவருக்குத்தான் யுகமாக இருக்கும். உங்கள் 'க' எத்தனை நொடி என்று உங்களுக்கே இதுவரை தெரியாது, ஏனென்றால் அதற்குள் நீங்கள் லைனைக் கட் செய்திருப்பீர்கள்.

பார்க்கப் பழகிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஒரு வார்த்தை திக்கி ஒருவழியாக வெளியே வந்துவிட்டால், உடனே அடுத்ததற்கு ஓடாமல் மூன்று நொடி நின்று, அதே வார்த்தையை இறுக்கமில்லாமல் மறுபடி சொல்வது ஒரு பயிற்சி. அது கைவந்த பிறகு, மாட்டிக்கொண்டிருக்கும்போதே நாக்கின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 'க்க்க'வை நழுவவிட்டு வெளியே வருவது. அதற்கும் பிறகு, வார்த்தை தொடங்கும்போதே லேசாகத் தொடுவது. இவற்றைத் தனியாகச் செய்வதைவிட ஒருவர் எதிரில் உட்கார்ந்து செய்வது நல்லது, எழுதி விளக்கினால் பாதிதான் புரியும்.

இன்னொன்றை நீங்களே செய்யலாம், கேட்டதும் என்னைத் திட்டுவீர்கள். வேண்டுமென்றே திக்குங்கள். திக்காத வார்த்தையில், ஆபத்தில்லாத இடத்தில், காய்கறிக் கடையில் "த-த-தக்காளி அரைக் கிலோ" என்று. கடைக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பத்துக்கு எட்டு பேர் ஒன்றும் செய்ய மாட்டார்கள், தராசைத்தான் பார்ப்பார்கள். ஒருவர் முந்திக்கொண்டு வார்த்தையை முடித்துக்கொடுப்பார், இன்னொருவர் சிரிப்பார். சிரிக்கிறவரையும் நன்றாகப் பாருங்கள், பாதிப் பேர் என்ன செய்வதென்று தெரியாத சங்கடத்தில் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் திக்குவாய் என்றாலே சிரிக்க வேண்டும் என்று சினிமா பார்த்துப் பழகியவர்கள். அந்த டோக்கன் பெண்ணை நான் நியாயப்படுத்தவில்லை. அவர் சொன்னது தப்பு, மருத்துவம் நடக்கிற இடத்தில் இருப்பவர் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. ஆனாலும் அவருக்கு உங்கள் தொண்டையில் நடப்பது தெரியாது, முன்னால் ஒருவர் பெயர் சொல்லாமல் நிற்பது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் எல்லாரிடமும் "மெதுவாப் பேசுங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அறைக்குள் எல்லாரும் அழகாகப் பேசினார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒருவர் வந்து, "உங்க முன்னாடி பேசறது ஈஸி மேடம், உங்களுக்குப் பிடிக்கணும்னுதான் அப்படிப் பேசுறேன், வெளிய போனா ரெண்டு மடங்காத் திக்குது" என்றார். மறைப்பதற்கு நான் இன்னொரு வழியைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பாவுக்கு வருகிறேன். அத்தை சொன்னதைக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அங்கே நகர முடியவில்லை. அதிகம் பேசாத மனிதர் என்று ஊரே அவரை நினைத்திருக்கும், கம்பீரம் என்றுகூடச் சிலர் சொல்லியிருப்பார்கள். அவர் வார்த்தை மாற்றிச் சமாளிக்கவில்லை, பேச்சையே விட்டுவிட்டார் போலிருக்கிறது. மகன் "அ-அ" என்று ஆரம்பித்ததும் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை, போன மாதம் உங்களுக்கே ஆனதுதான். அவர் அதட்டியது உங்களுக்கு வலித்தது, அந்த வலி பொய்யில்லை, அவரை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அத்தையிடம் ஒருநாள் உட்கார்ந்து கதை கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அப்பா பள்ளிக்கூடத்தில் என்ன செய்தார், பெண் பார்க்கப் போனபோது யார் பேசினார்கள், ரேஷன் கடைக்கு யார் போவார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அவர்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அன்றைக்கு மகனிடம் கத்தியதற்காக உங்களையே திட்டிக்கொண்டு நீங்கள் எழுதியிருக்கிற வரிகள் ரொம்பக் கடுமையானவை, அவற்றை நான் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டேன். அதே வார்த்தைகளை அந்தக் கிளினிக் வரிசையில் நின்ற வேறொரு தகப்பனைப் பார்த்துச் சொல்வீர்களா?

மகன் விஷயம் அவசரம், ஆனால் பயப்படுகிற அவசரமில்லை. பேச ஆரம்பிக்கிற வயதில் 100 குழந்தைகளில் ஐந்து பேருக்காவது திக்கல் வருகிறது, நாலில் மூன்று பேருக்கு அது தானாகவே போய்விடும். ஆண் குழந்தை, குடும்பத்தில் திக்கல் உண்டு, மூன்றரை வயதை ஒட்டி ஆரம்பித்திருக்கிறது, இந்த மூன்றும் அவனுக்கு இருப்பதால் 'வளர்ந்தா சரியாப்போகும்' என்று காத்திருக்க நான் சொல்ல மாட்டேன், இந்த மாதமே ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். ஆறு வயதுக்குள் என்றால் பெற்றோரை வைத்தே செய்கிற நல்ல முறைகள் இருக்கின்றன, சிட்னியில் உருவான லிட்கம் முறை அதில் ஒன்று. அதுவரை வீட்டில், அவனை மெதுவாகப் பேசச் சொல்லாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை அவன் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள், என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். வார்த்தையை முடித்துக்கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பத்து நிமிடம் போன், டிவி இல்லாமல் அவனோடு மட்டும்.

ஒரு தடவை கத்தியதால் அவன் நிரந்தரமாகத் திக்கிவிடுவான் என்று நினைக்க வேண்டாம். 1939-ல் அந்த வெண்டல் ஜான்சனின் மேற்பார்வையில் அயோவாவில் ஓர் அனாதை இல்லத்துக் குழந்தைகள் சிலரிடம், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களிடமே, உனக்குத் திக்குகிறது, ஒழுங்காகப் பேச முடிந்தால் மட்டும் பேசு என்று மாதக்கணக்கில் சொல்லி ஒரு கொடுமையான சோதனை செய்தார்கள். 2001-ல் அந்தப் பல்கலைக்கழகம் இதற்கு மன்னிப்புக் கேட்டது. அந்தக் குழந்தைகள் திக்குகிறவர்களாக மாறிவிடவில்லை. ஆனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், வெட்கப்பட்டார்கள், ஒதுங்கினார்கள். உங்கள் மகனிடம் நீங்கள் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். அவன் எத்தனை தடவை திக்கினான் என்று எண்ண வேண்டாம், இன்றைக்கு ஓடிவந்து உங்களிடம் எதையாவது சொன்னானா என்று பாருங்கள். அன்று கத்தியதற்கு அவனிடமே சொல்லிவிடலாம், "அன்னைக்கு அப்பா கோபமாப் பேசிட்டேன்டா, உனக்கு வார்த்தை மாட்டிக்கிச்சுல்ல, அப்பாவுக்கும் அப்படி மாட்டும்" என்று. நாலு வயதுக்கு அது நன்றாகவே புரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் மனைவியிடம் அந்தப் பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவர் அதை மகன் வாயால் கேட்க வேண்டாம்.

பதவியை வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். முதல் மீட்டிங்கில் முதல் ஒரு நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: "எனக்குக் கொஞ்சம் திக்கும், சில வார்த்தைக்கு நேரமாகும், புரியலைன்னா கேளுங்க." மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம், ஏசி ரிமோட் எங்கே இருக்கிறது என்று சொல்கிற தொனி போதும். அதைச் சொன்ன நாளிலிருந்தே திக்கல் கொஞ்சம் குறைந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள், மறைக்கிற வேலை மிச்சமாவதால் இருக்கும். அதற்காகச் சொல்லாதீர்கள், குறையாத நாளும் வரும். நாலு மாதம் நன்றாகப் போய்விட்டு ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாம் பழையபடி பூட்டிக்கொள்ளும், தூக்கம் கெட்டிருக்கும், இல்லை காரணமே இருக்காது. அன்றைக்கு மறுபடி வீடியோவை எடுத்து நொடியை எண்ணுங்கள்.

கோவையில் எங்கே போவது என்றால், அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. மைசூரில் இதற்கென்றே அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, ஒரு தடவை குடும்பத்தோடு போய் இரண்டு பேரையும் காட்டிவிட்டு வரலாம். திக்குகிறவர்களே நடத்துகிற இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்ற அமைப்பும் உண்டு. அங்கே போனால் உங்களைவிட நன்றாகத் திக்குகிறவர்களைப் பார்ப்பீர்கள், சிரித்துக்கொண்டே திக்குவார்கள்.

எங்கே போனாலும் வாசலில் ஒருவர் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பெயர் கேட்பார். மனைவி முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், வேண்டாம் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். மகன் பெயரை முதலில் சொல்லுங்கள், பிறகு உங்கள் பெயர். எத்தனை நொடி ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.